தாத்தாவின் லூனாவை எடைக்குப் போடாதீங்க!

எடமலைப்பட்டி புதூர் மாதிரி ஏரியாக்களில், மாடிப்படிக்குக் கீழே பழைய லூனா தூசி படிந்து நிற்கும் வீடுகள் உண்டு. உங்கள் வீடும் அதில் ஒன்றா? அந்த வண்டிக்குப் பூர்வீகம் இத்தாலி! பியாஜியோவின் ‘சியாவ்’ மொபெட்டை அடிப்படையாக வைத்து, கைனடிக் நிறுவனம் 1972-ல் இறக்கிய 50 சிசி வண்டி.

‘லூனா பார்ட்ஸ் இருக்கா?’ என்று கேட்டால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். வண்டிப் பெயரைச் சொல்லாதீங்க. கழற்றிய பார்ட்டையே கையில் கொண்டு போங்க. பேரிங்கில் நம்பர் பொறித்திருக்கும். ஆயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் தெரிந்தால் போதும், பேரிங் கடையிலேயே கேட்கலாம். எரிந்த காயிலை ரீவைண்டிங் செய்யலாம். புஷ், பின் எல்லாம் லேத்தில் கடைந்து வாங்கலாம். துவாக்குடி, அரியமங்கலம் சிட்கோ இருக்கும் திருச்சியில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? ஆனால், மாதிரி வேண்டும். அதனால் உடைந்த பார்ட்டையும் பத்திரப்படுத்துங்க.

2024-ல் வந்த இ-லூனா பேட்டரி வண்டி. அதன் மோட்டார் இதற்கு உதவாது. பிஸ்டன், சிலிண்டருக்கு இன்னொரு பழைய லூனா கைகொடுக்கலாம். ஓடாத வண்டி ஒன்று எடைக்குப் போனால், ஓடும் வண்டி ஒன்றின் ஆயுளும் குறைகிறது!