ஆசிரியை எழுதியதும் நாம் வாசித்ததும்



ஆடி பிறக்கும் நாட்களில் இங்கிலாந்துப் பாடசாலைகள் வருட இறுதித் தேர்ச்சி அறிக்கைகளைப் பெற்றோருக்கு அனுப்பி வைக்கின்றன. அதன் பின் வரும் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து, மண்டபத்தில் அன்னதானத்துக்கு அமரும்போது நம்மவரிடையே வேறு பேச்சுக் கிடையாது.

சென்ற வருடம் ஓர் அன்பர், தமது மகன் ஆறாம் ஆண்டுக் கணிதப் பரீட்சையில் 100 எடுத்துவிட்டான் என்று எல்லோருக்கும் இனிப்பு வழங்கினார். பக்கத்தில் நின்ற பையனோ தலை குனிந்து நின்றான். 2016 முதல் இப்பரீட்சையின் பெறுபேறு 80 இலிருந்து 120 வரையான அளவுகோலில் தரப்படுகிறது. அதில் 100 என்பது அந்த வயதில் எதிர்பார்க்கப்படும் தரம், முழுப் புள்ளியன்று. பையன் குறையொன்றும் செய்யவில்லை, எதிர்பார்த்ததைச் செய்திருந்தான். ஆனால் தகப்பனார் மகிழ்ந்தது எதற்காக என்பதும், அது தான் செய்யாத ஒன்று என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தன.

அந்த அன்பரை நான் குறை கூறவில்லை. நாம் ஊரிற் படித்த காலத்தில் தேர்ச்சி அறிக்கை என்றால் புள்ளிகள்தாம். "வகுப்பில் எத்தனையாம் பிள்ளை?" என்பதே வீட்டில் முதற் கேள்வி. ஆசிரியரின் குறிப்போ "நன்று", "முயற்சி போதாது" என்று ஓரிரு சொற்களில் முடிந்துவிடும். அதில் விளங்காமற் போவதற்கு எதுவுமில்லை.

இங்கு நிலைமை வேறு. குறையை நேரே கூறுவது இங்குள்ள ஆசிரியர்களுக்குப் பழக்கமில்லை. "செய்யத் தொடங்கியிருக்கிறாள்" என்று எழுதினால் இன்னும் கைவரவில்லை என்று பொருள். "உதவியுடன் செய்கிறான்" என்றால் தனியே செய்யமாட்டான். "மிகவும் அமைதியானவள்" என்ற வரியை வாசித்து நல்லொழுக்கமென்று நாம் பூரித்துப் போகிறோம். பிள்ளை வகுப்பில் வாய் திறப்பதேயில்லை என்ற கவலையும் அந்த வரியில் இருக்கக்கூடும்.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். தவறு செய்தவன் என்பதே என் தகுதி.

என் மகனுக்கு 6 வயதாயிருந்தபோது, "கூறுவதைக் கவனித்துக் கேட்கும்படி அடிக்கடி நினைவூட்ட வேண்டியிருக்கிறது" என்று அவனது அறிக்கையில் எழுதியிருந்தது. குழப்படி என்று முடிவு கட்டினேன். ஏசினேன், தொலைக்காட்சியை நிறுத்தினேன். அடுத்த வருட ஆசிரியையும் அதையே எழுதினார். அப்போதுதான் என் மனைவி, "இவனுக்குக் காது கேக்குதோ எண்டு ஒருக்காப் பாருங்கோவன்" என்றார். சோதித்தபோது இரு செவிப்பறைகளுக்கும் பின்னால் பசைபோன்ற நீர் தேங்கியிருந்தது. சிறு பிள்ளைகளிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படும் இந்நிலை பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே மாறிவிடும். அவனுக்கு மாறவில்லை. சிறு குழாய்கள் பொருத்திய பின் வீடு திரும்பும் வழியில், "அப்பா, எங்கடை கார் இவ்வளவு சத்தமே?" என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நோயாளி கூறும் சிறு குறியையும் விட்டுவிடாத வைத்தியன், ஆசிரியை எழுதிக் காட்டிய குறியை ஒரு வருடம் தண்டனையாக மாற்றியிருந்தேன்.

ஆசிரியரின் குறிப்பு தீர்ப்பன்று. அது ஒரு நோய்க்குறி போன்றது. காரணத்தைத் தேட வேண்டியவர்கள் நாம்.

புள்ளி மட்டும் பார்ப்பதால் விளையும் நட்டத்தை ஆய்வும் காட்டியிருக்கிறது. இஸ்ரேலில் ரூத் பட்லர் என்பவர் 1988 இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மாத்திரம் பெற்ற மாணவர்களின் வேலை முன்னேறியது. புள்ளி பெற்றவர்களிடம் அம்முன்னேற்றம் இல்லை. புள்ளியும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களிடமும் இல்லை. இலக்கத்தைக் கண்டதும் எழுத்து மறைந்துவிடுகிறது போலும். பிள்ளைகளுக்கே இப்படியென்றால் பெற்றோரைப் பற்றிக் கூற வேண்டுமா?

ஆகவே, இம்முறை அறிக்கை வந்ததும் இலக்கங்களைக் கையால் மறைத்துக்கொண்டு வரிகளை முதலில் வாசியுங்கள். பிள்ளையை அருகில் இருத்தி, "ரீச்சர் ஏன் இப்படி எழுதினவா?" என்று கோபமின்றிக் கேளுங்கள். விளங்காத வரியை ஆசிரியரிடமே கேளுங்கள். அறிக்கையைப் பற்றிப் பேசுவதற்கு ஏற்பாடு செய்து தருவது அரச பாடசாலைகளின் கடமை, கேட்பதில் வெட்கமில்லை.

நமது சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். உறுப்பினர்களில் ஆசிரியத் தொழில் புரிவோர் சிலர் உள்ளனர். யூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தமிழ் வகுப்பு நடக்கும் நேரத்தில், அறிக்கையுடன் வரும் பெற்றோருக்கு அதை வாசித்து விளக்க அவர்கள் முன்வரலாகாதா? நாற்காலிகள் அடுக்க நான் வருகிறேன்.