யாரைக் கேட்டுப் பங்கு வைத்தார்கள்?

சென்ற மாதம் ஒரு கல்யாணத்தை முன்னிட்டு நாம் சேத்தூருக்குப் போயிருந்தோம். இராஜபாளையத்திலிருந்து தென்காசிச் சாலையில் தெற்கே போகும்போது மேற்குத் தொடர்ச்சி மலையும் வலது பக்கத்தில் கூடவே வந்துகொண்டிருக்கும். சேத்தூர் ஒரு காலத்தில் ஜமீன்தார்கள் ஆண்ட ஊர். தமிழ்ப் புலவர்களுக்கு அன்னமிட்ட ஊர் என்ற பெயரும் அதற்கு உண்டு. இப்போது அங்கே ஜமீன் ஆட்சி இல்லை. ஆனால் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து உலக விவகாரங்களையெல்லாம் தீர்த்துவைக்கும் பெரியவர்களுக்கு மட்டும் குறைவே இல்லை.

அன்று விருந்து முடிந்த பிறகு அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பத்திரிகை கிடந்தது. நம் கரையோரத்து மீனவர்கள் சிலரை இலங்கைக் கடற்படை பிடித்துப் போனதைப் பற்றிப் பார்லிமெண்டில் ஓர் அங்கத்தினர் கேள்வி கேட்டதாகவும், மந்திரி அதற்குப் பதில் அளித்ததாகவும் அதில் செய்தி வந்திருந்தது. பெரியவர் ஒருவர் அதை உரக்கப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவர் கேட்டாராம், அவர் சொன்னாராம். இதனால் என்ன ஆகப்போகிறது? நமக்குத்தான் இதில் என்ன சம்பந்தம்? சேத்தூரில் கண்மாய் உண்டு, கடல் இல்லையே!" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். சிரிக்காதவர் ஒருவர்தான். தூணோரமாக உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி அவர்.

"சம்பந்தம் இல்லாமெ என்ன, அண்ணாச்சி? நான் பொறந்தது ஹட்டனுக்குப் பக்கத்திலே ஒரு தேயிலைத் தோட்டத்திலே. இத்தனை பேரு இங்கே, இத்தனை பேரு அங்கேன்னு எங்களைப் பங்கு வெச்சாங்களே, அப்போ எங்களை யாரு கேட்டாங்க?" என்றார் அந்த அம்மாள்.

தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில நாள் தங்கி, பாட்டன் பிறந்த ஊர் என்ற ஒரே ஆதாரத்தைக் கொண்டு சேத்தூருக்கு வந்து சேர்ந்தவராம் அவர். பிறகு இராஜபாளையத்து நூல் மில்லில் வேலை பார்த்துப் பிள்ளைகளை ஆளாக்கியிருக்கிறார். அவருடைய கேள்விக்கு அந்தக் கூடத்தில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. நமக்கும் வாய் வரவில்லை. ஊர் திரும்பிய பிறகும் அது நம்மை விடுவதாக இல்லை. ஆகவே இந்த வாரம் அதைப் பற்றியே எழுதுகிறோம்.

அந்த அம்மாள் சொன்ன பங்கு எது என்பதை நேயர்கள் ஊகித்திருப்பார்கள். 1964ஆம் வருஷம் அக்டோபர் 30ந் தேதி நம் பிரதம மந்திரி லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதம மந்திரி ஸ்ரீமதி சிறிமாவோ பண்டாரநாயகாவும் செய்துகொண்ட ஒப்பந்தந்தான் அது. எந்த நாட்டுப் பிரஜையும் அல்லாமல் இலங்கையில் நின்ற இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டார்கள். அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை ஏற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. மீதி 1,50,000 பேர் விஷயம் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டது. பத்து வருஷம் கழித்து, 1974ல், அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாக, 75,000, 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள்.

எந்த நாடு வேண்டும் என்று மனுப் போடும் உரிமை தனி மனிதருக்கு இருந்தது உண்மையே. ஆனால் அந்த மனு வருவதற்கு முன்பே தொகை தீர்மானமாகிவிட்டது! பெண்ணைக் கேட்காமல் தாம்பூலம் மாற்றிவிட்டு, "புடவை மட்டும் உன் இஷ்டப்படி எடுத்துக்கொள்" என்று சொல்வதைப் போன்ற உரிமை அது.

அந்த ஜனங்களுக்காகக் கேட்கவேண்டியவர்கள் யார்? அவர்களுடைய பிரதிநிதிகள்தாம். ஒரு காலத்தில் அப்படிப்பட்ட பிரதிநிதிகள் இருக்கத்தான் செய்தார்கள். 1947ஆம் வருஷத்துத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸைச் சேர்ந்த ஏழு பேர் இலங்கைப் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். தொண்டமானும் அவர்களில் ஒருவர். 1948ல் இலங்கை சுதந்திரம் அடைந்தது. அதே வருஷத்தில் ஒரு பிரஜா உரிமைச் சட்டமும் வந்தது. தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அந்தச் சட்டத்தினால் நாடற்றவர்களானார்கள். 1949ல் வந்த மற்றொரு சட்டம், பிரஜைகளுக்கு மட்டுமே ஓட்டு என்றது. 1952ல் நடந்த தேர்தலில் ஏழு என்ற அந்த எண்ணிக்கை பூஜ்யமாயிற்று. தொண்டமான் மறுபடியும் ஓட்டுக்களால் ஜெயித்துச் சபையில் உட்கார்ந்தது 1977ல்தான்.

இந்த வரிசையை நேயர்கள் கவனிக்க வேண்டும். முதலில் அவர்களுடைய பிரஜா உரிமை போயிற்று. பிறகு ஓட்டுப் போயிற்று. ஓட்டோடு சபையில் எழுந்து நின்று கேட்கும் வாயும் போயிற்று. அதற்கும் அப்புறந்தான் இரண்டு சர்க்கார்கள் உட்கார்ந்து அவர்களைத் தொகையாக எழுதிப் பிரித்துக்கொள்ள முடிந்தது. 1948ல் அந்த மசோதாவை எதிர்த்துப் பேசியவர்களில் செல்வநாயகம் ஒருவர். அவருடைய தொகுதியோ யாழ்ப்பாணப் பகுதியில் இருந்தது. தேயிலைத் தோட்டங்கள் அங்கே இல்லை. ஆயினும் இன்று அவர்களுக்கு நேர்ந்தது நாளை தம்மவர்க்கும் நேரலாம் என்று உணர்ந்தவர் அவர். அவருடைய எதிர்ப்பு அன்று ஜெயிக்கவில்லை. ஆனால் எச்சரிக்கை கிடைக்கவில்லை என்று பிற்பாடு எவரும் சொல்ல முடியாமற் போனது அத்தகைய எதிர்ப்பினால்தான். எஞ்சி நின்ற நாடற்றவர்களுக்குப் பிரஜா உரிமை அளிக்கும் சட்டம் இலங்கையில் நிறைவேறியது 2003ஆம் வருஷத்தில். இடையில் கழிந்தவை 55 வருஷங்கள்!

இனி நம் தேசத்துக்கு வருவோம். சட்டசபையில் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு மழை போல் வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1892ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி முதன்முதலாகக் கேள்வி கேட்க அனுமதி கிடைத்தது. 1909ல், கேள்வி கேட்டவர் மட்டும் பதிலின்மேல் ஓர் உபகேள்வி கேட்கலாம் என்றார்கள். 1919க்குப் பிறகே எந்த அங்கத்தினரும் உபகேள்வி கேட்கலாம் என்று ஆயிற்று. அப்போதுங்கூட ஒரு பெரிய பூட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்நிய ராஜ்யங்களோடு பிரிட்டிஷ் சர்க்காருக்கு உள்ள உறவைத் தொடும் விஷயங்களைப் பற்றிக் கேள்வி கேட்கவே கூடாது என்பது விதி.

இந்தப் பூட்டுக்கு நடுவிலும் கேள்வி என்பதை ஓர் ஆயுதமாக்கிக் காட்டியவர் நம் தமிழ்நாட்டுத் தீரர் சத்தியமூர்த்தி. 1935லிருந்து டில்லி மத்திய சட்டசபையில் அவர் கேள்வி நேரத்தில் எழுந்தால், வெள்ளைக்கார அதிகாரிகள் தங்கள் காகிதங்களை மறுபடியும் ஒரு முறை புரட்டிப் பார்ப்பார்களாம். முதற் கேள்விக்குக் காரியதரிசி எழுதிக் கொடுத்த பதிலைப் படித்துவிடலாம். உபகேள்விக்குச் சொந்த மூளையிலிருந்தல்லவா பதில் வரவேண்டும்? சேத்தூருக்கு அதிகத் தொலைவில் இல்லாத விருதுநகரில் பிறந்த காமராஜ் அவரைத்தான் தம் அரசியல் குருவாகக் கொண்டார்.

நமக்காக அந்நியர் சபையில் கேட்டவர்களும் உண்டு. உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த 1930ல், மகாத்மாவும் ஆயிரக்கணக்கான தொண்டர்களும் சிறையில் இருந்த சமயம், பென்னர் பிராக்வே என்ற அங்கத்தினர் பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் எழுந்து, இந்திய நிலைமையைப் பற்றி விவாதிக்க நேரம் ஒதுக்கவேண்டும் என்று பிடிவாதம் செய்தார். சபாநாயகர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அதற்காக அவரைச் சபையிலிருந்து நீக்கி வைத்தார்கள். கடல் கடந்து வெகு தொலைவில் இருந்த ஒருவர் நமக்காகத் தண்டனை பெற்றார். சேத்தூர்ப் பெரியவரைப் போல் அவரும், "என் தொகுதியில் உப்பளம் இல்லையே!" என்று இருந்திருக்கலாம் அல்லவா?

அந்தப் பழைய பூட்டு இப்போது இல்லை. நட்பு நாட்டைப் பற்றி மரியாதைக் குறைவாகக் கேட்கக்கூடாது, ரகசியங்களைக் கேட்கக்கூடாது என்ற வரம்புகளே உள்ளன. லோக சபையில் ஓர் அங்கத்தினர் 15 முழு நாட்களுக்கு முன் எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு மந்திரி சபையில் எழுந்து வாயால் பதில் சொல்லவேண்டும், உபகேள்விகளும் வரும். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் பதில். ஒரு நாளைக்கு முதல் வகையில் 20, இரண்டாவது வகையில் 230 வரை கேள்விகள் ஜாபிதாவில் இடம் பெறலாம். "பார்த்துச் செய்கிறோம்" என்று மந்திரி வாக்குக் கொடுத்துவிட்டு மறந்தால் அதைத் துரத்திப் பிடிக்க, வாக்குறுதிகளுக்கென்றே ஒரு கமிட்டி 1953லிருந்து இருந்து வருகிறது. ஏற்பாடுகளில் குறைவில்லை.

ஆனால் வெளிநாட்டு விஷயத்தில் ஒரு சங்கடம் உண்டு. நம் அரசியல் சட்டப்படி, அந்நிய நாட்டோடு ஒப்பந்தம் செய்துகொள்ளச் சர்க்கார் பார்லிமெண்டின் முன் அனுமதியைப் பெறவேண்டியதில்லை. கச்சத்தீவு ஒப்பந்தம் 1974 ஜூன் மாதத்தில் கையெழுத்தாயிற்று. ஜூலை 23ந் தேதி லோக சபையில் மந்திரி ஸ்வரண் சிங் அதைப் பற்றி அறிக்கை படித்தார். இரா. செழியனும், இராமநாதபுரத்தின் பிரதிநிதியான மூக்கையாத் தேவரும் கடுமையாக ஆட்சேபித்து வெளிநடப்புச் செய்தார்கள். முகூர்த்தம் முடிந்த பிறகு ஜாதகம் பார்த்த கதைதான்!

வேளையறிந்து கேட்டதனால் பலித்ததும் உண்டு. 2012ஆம் வருஷம் மார்ச் மாதம் ஜினீவாவில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் கவுன்ஸிலில், உள்நாட்டுப் போரின் பிறகு இலங்கை செய்யவேண்டியதைச் செய்யவில்லை என்ற தீர்மானம் வரவிருந்தது. தனிப்பட்ட ஒரு நாட்டைக் குறித்த தீர்மானங்களை ஆதரிப்பது நம் சர்க்காருக்கு வழக்கமில்லை. முதலில் பிடிகொடாமலே பேசினார்கள். தமிழ்நாட்டு அங்கத்தினர்கள், சாதாரணமாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத கட்சிகளைச் சேர்ந்தவர்கள், இதில் மட்டும் ஒரே குரலாக நின்றார்கள். "எந்தப் பக்கம் ஓட்டு?" என்று இரண்டு சபைகளிலும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 19ந் தேதி பிரதம மந்திரி மன்மோகன் சிங் லோக சபையில் எழுந்து, தீர்மானத்தை ஆதரிக்கும் எண்ணம் சர்க்காருக்கு இருப்பதாகச் சொன்னார். 22ந் தேதி இந்தியா ஆதரித்து ஓட்டளித்தது. 24 நாடுகள் ஆதரவு, 15 எதிர்ப்பு, 8 நடுநிலை என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது.

கேள்வி ஒன்று போதும், உலகமே மாறிவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. 2013ல் மறுபடியும் ஆதரித்த இந்தியா, 2014லும் 2021லும் 2022லும் அத்தகைய தீர்மானங்களில் நடுநிலை வகித்தது. அண்டை நாட்டோடு ரகசியமாகப் பேசினால்தான் காரியம் நடக்கும், சபையில் பிரஸ்தாபித்தால் கெட்டுப்போகும் என்பது ராஜதந்திரிகளின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பேச்சு நடக்கையில் ரகசியம் வேண்டியதுதான். ஆனால் யாருடைய தலைவிதியைப் பற்றிப் பேசுகிறார்களோ, அவர்களுக்குக்கூட முடிவு தெரிந்த பிறகே தெரியவேண்டும் என்பது ராஜதந்திரம் ஆகாது.

கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். "மீனவர் விஷயத்தில் சர்க்காருக்குக் கவலை உண்டா?" என்று கேட்டால், "உண்டு" என்று சொல்லி மந்திரி உட்கார்ந்துவிடுவார். "இந்த வருஷம் பிடிபட்டவர் எத்தனை பேர்? விடுதலையானவர் எத்தனை பேர்? எத்தனை படகுகள் இன்னும் அக்கரையில் கிடக்கின்றன? அவற்றை மீட்க எந்தத் தேதியில், யாரிடம் பேசினீர்கள்?" என்று கேட்டால் எண்ணும் தேதியும் வந்தே தீரவேண்டும். இப்படிக் கேட்கப் படிப்பும் உழைப்பும் வேண்டும். கூச்சலிடுவது சுலபம். கூச்சலில் கேள்வி நேரம் போய்விட்டால், எந்தச் சர்க்காரும் அதற்காகக் கண்ணீர் விடாது. 2020ஆம் வருஷம் தொற்றுநோயைக் காரணம் காட்டி ஒரு கூட்டத் தொடர் முழுவதும் வாய்மொழிக் கேள்வி நேரத்தையே நிறுத்தி வைத்தார்கள். அன்று நம் வீடுகளில் எத்தனை பேர் அதைக் கவனித்தோம்?

சேத்தூர் நேயர்களின் ஓட்டு தென்காசித் தொகுதியைச் சேர்ந்தது. அந்தத் தொகுதியின் அங்கத்தினர் வெளிநாட்டு விஷயங்களில் என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்பது பார்லிமெண்டின் இணையதளத்திலேயே கிடைக்கிறது. வீட்டிலே கல்லூரியில் படிக்கும் பிள்ளையோ பெண்ணோ இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேடிப் படித்துக் காட்டச் சொல்லலாம். ஒன்றும் கேட்கவில்லை என்று தெரிந்தால் ஒரு கார்டு எழுதிப் போடலாம். கேட்கச் சொல்லி ஊரார் எழுதினால் கேட்காமலிருக்க அங்கத்தினருக்கும் கூசும்.

நாம் விடைபெற்றுக்கொள்ளும்போது அந்த அம்மாள் வாசல் வரையில் வந்தார். "பத்திரிகையிலே எழுதுவீகளோ?" என்று விசாரித்தார். "எழுதுகிறோம், அம்மா, உங்களுக்குச் சம்மதந்தானே?" என்றோம்.

அவர் முகம் மலர்ந்தது. "இப்பவாச்சும் கேட்டீகளே!" என்றார்.