அவள் சம்பளம் அரைச் சம்பளம்

வீட்டுக் கடன் கேட்டுப் போகிறவர்கள் சம்பளச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் போகிறார்கள். கூட்டல் கழித்தலுக்கு ஏது ஆண், பெண் என்றுதான் நாமெல்லாம் நினைக்கிறோம்.

அமெரிக்காவில் 1970-களின் தொடக்கம் வரை அந்தக் கூட்டல் கழித்தலுக்கு ஆண், பெண் நன்றாகவே தெரிந்திருந்தது! கணவனும் மனைவியும் உத்தியோகம் பார்க்கிற குடும்பம் கடன் கேட்டால், கணவன் சம்பளத்தை முழுசாக எண்ணுவார்கள். மனைவி இளவயதுக்காரி என்றால் அவள் சம்பளத்தில் பாதி. பல இடங்களில் அதுவும் கிடையாது. நாளைக்குக் குழந்தை பிறக்கும், வேலையை விட்டுவிடுவாள், அப்புறம் தவணையை யார் கட்டுவது? இனிக் குழந்தை பிறக்காது என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி வரச் சொன்ன இடங்களும் உண்டு. அதற்குப் 'பாப்பாக் கடிதம்' என்று செல்லப் பெயர் வேறு! வீடு வாங்கப் போன இடத்தில் ஒரு பெண் இதையெல்லாமா சொல்ல வேண்டும்?

ஆளைப் பார்த்தது போதாதென்று தெருவையும் பார்த்தார்கள். 1930-களில் சர்க்கார் கடன் நிறுவனம் ஒன்று இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்குப் படம் போட்டு, பேட்டைகளுக்கு நான்கு வர்ணம் தீட்டிற்று. பச்சை உத்தமம், சிவப்பு ஆபத்து. கறுப்பினத்தவர் வசித்த பேட்டைகள் அநேகமாகச் சிவப்பு. எல்லாப் பழியையும் அந்தப் படத்தின்மேல் போடமாட்டேன். பாங்கிக்காரர்கள் மனத்தில் அந்த வர்ணம் முன்பே இருந்தது.

கடன் கிடைக்காத தெருவில் வீடு வாங்க யார் வருவார்கள்? ரொக்கக்காரன் வருவான், அடிமாட்டு விலைக்குக் கேட்பான். குடியிருப்பவருக்கோ ஒழுகுகிற கூரையை மாற்றக்கூடக் கடன் இல்லை. கூரை இன்னும் ஒழுகும். விலை இன்னும் இறங்கும். "பார்த்தீர்களா, அப்போதே சொன்னோமே!" என்பார் பாங்கிக்காரர். சோறு போடாமல் வைத்திருந்து, பிள்ளை இளைத்துவிட்டான் என்று குறை சொல்வது போலத்தான்.

சிகாகோவில் இப்படிக் கைவிடப்பட்ட குடும்பங்கள், 1950-களிலும் 60-களிலும், வீட்டு வியாபாரிகளிடம் தவணை ஒப்பந்தத்தில் வீடு வாங்கின. கடைசித் தவணை வரை பத்திரம் வியாபாரி கையில். ஒரு தவணை தவறினால் வீடும் போகலாம், கட்டிய பணமும் போகலாம்.

1968-இல் சட்டம் வந்தது: இனத்தைக் காட்டி வீட்டுக் கடன் மறுக்கக் கூடாது. அதில் பெண் என்ற பேச்சே இல்லை! அதற்கு இன்னும் ஆறு வருஷம், 1974 வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆறு வருஷமும் வருமான வரியை மட்டும் அவளுடைய முழுச் சம்பளத்துக்குத்தான் பிடித்தார்கள்.