கட்டி வைப்பது காப்பதாகுமா?

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் வீதியில் உள்ளது நாலந்தா. போவதென்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது, அங்குள்ள கெடிகே என்னும் பழங் கற்கோயில் நீரில் மூழ்காதபடி கல் கல்லாகக் கழற்றப்பட்டு, 1980ஆம் ஆண்டளவில் மேட்டுநிலத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது. திராவிடக் கட்டடக்கலையின் சாயல் தாங்கிய அக்கற்களைக் காத்தோரைப் பாராட்டுகின்றோம். கல்லுக்குக் காட்டிய பொறுமையை உயிருள்ள மனிதருக்கும் காட்டுகின்றோமா?

அறிவு வளர்ச்சி குன்றியோரையும் உளநோயுற்றோரையும் கயிற்றாலும் சங்கிலியாலும் பிணிக்கும் வழக்கம் உலகில் இன்னும் ஒழிந்தபாடில்லை. பெற்றோரைப் பழிப்பது எளிது. விடியுமுன் வயலுக்கும் தோட்டத்துக்கும் செல்லவேண்டிய தாய், கிணற்றடிக்கு ஓடும் மகனை எவரிடம் ஒப்படைப்பாள்? அவளுக்குத் துணை வேண்டும், தூற்றல் வேண்டியதில்லை. ஆனால் பராமரிப்புக்கெனப் பணம் பெறும் காப்பகம் அந்தச் சமாதானத்தைச் சொல்ல முடியாது.

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில், தமிழ்நாட்டு இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், உளநோயாளர் காப்பகமொன்று தீப்பற்றி எரிந்தது. சங்கிலியில் கிடந்தோர் எழுந்தோட வழியில்லை. 28 பேர் மாண்டனர். ‘பாதுகாப்புக்காகவே கட்டினோம்’ என்னும் வாதமும் அந்த நெருப்பிலேயே சாம்பலாயிற்று.

நெருப்பு வராவிடினும் கட்டு கேடே விளைவிக்கும். அசையாத உடலில் படுக்கைப்புண் தோன்றும், தசைகள் வலுவிழக்கும். பல்வலியையோ வயிற்றுவலியையோ சொல்லத் தெரியாத பிள்ளை தலையைச் சுவரில் மோதுகிறது. அதன் கையைக் கட்டினால் நோய் தீருமா? வாயற்ற அந்த முறையீட்டின் காரணத்தை அறிவதன்றோ வைத்தியம்! வீதிக்கு ஓடும் பிள்ளையைக் கணநேரம் பிடித்து நிறுத்துவது வேறு. ஆளில்லாக் குறைக்காக நாள் முழுதும் கட்டிப்போடுவது வேறு.

இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எவ்வடிவிலும் தடுக்கின்றது. எனினும் அதன் வரைவிலக்கணம் அறிவு வளர்ச்சிக் குறைவை உளநோயில் சேர்க்கவில்லை. இலங்கையோ 1873ஆம் ஆண்டிலேயே உளநோயாளர் பற்றிய கட்டளைச் சட்டத்தைக் கண்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை 2016இல் ஏற்றுறுதி செய்தது. குறைபாட்டைக் காரணங்காட்டி ஒருவரது சுதந்திரத்தைப் பறிக்கலாகாது என்பது அவ்வுடன்படிக்கையின் 14ஆம் உறுப்புரை. ஒப்பமிட்ட கைக்கு நிறைவேற்றும் கடமையும் உண்டு.

ஆகவே நாம் கேட்பவை இவை: ஒவ்வொரு காப்பகத்திலும் எவர், ஏன், எவ்வளவு நேரம் தடுத்து வைக்கப்பட்டார் என்பது பதிவேட்டில் எழுதப்படல் வேண்டும். முன்னறிவிப்பின்றிச் சென்று அதைச் சோதிக்கும் அதிகாரம் வெளியாருக்கு அளிக்கப்படல் வேண்டும். உழைக்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு ஊர்தோறும் பகற்பராமரிப்பு நிலையம் வேண்டும்.

வைத்தியர்களே, வழக்கறிஞர்களே, ஆசிரியர்களே! உங்கள் ஊர்க் காப்பகத்தின் கதவைத் தட்டி உள்ளே பாருங்கள். உழவர் பெருமக்களே! அயல்வீட்டுப் பிள்ளையை அரைநாள் உங்கள் முற்றத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். சட்டம் வரும்வரை கயிறு காத்திருக்க வேண்டியதில்லை, இன்றே அவிழ்க்கலாம்.