ரப்பர் தோட்டத்தில் பிரம்பு வளர்க்கலாமா?

''எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர் தோட்டம் இருக்கிறது. ஓரத்தில் ஓடை ஓடுகிறது. ஊடுபயிராகப் பிரம்பு வைத்தால் நான்கே ஆண்டில் நல்ல வருமானம் என்கிறார் கன்று விற்பவர் ஒருவர். நம்பி வைக்கலாமா?''

- வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்.

வைக்கலாம். ஆனால், நான்கு ஆண்டுக் கணக்கை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

பிரம்பை மூங்கிலின் தம்பி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது தென்னை, பனைக்குச் சொந்தம்; மரத்தில் தொற்றி ஏறும் பனை. மூங்கில் உள்ளே கூடு, பிரம்போ முழுக்கட்டை. அதனால்தான் சூடு காட்டினால் உடையாமல் வளைகிறது. உலகில் சுமார் 600 வகைகள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் ஏறத்தாழ 20.

எனவே, முதலில் 'எந்த வகை?' என்று கேளுங்கள். மலேசியா, சுமத்ராவின் 'மனாவ்' ஒற்றைத் தண்டுப் பிரம்பு. தடிமனானது, நாற்காலிச் சட்டத்துக்கு ஏற்றது. ஆனால் ஒருமுறை வெட்டினால் கதை முடிந்தது. 'செகா' மெல்லியது, பின்னலுக்கானது, தூரிலிருந்து மீண்டும் துளிர்க்கும்.

இந்தச் செகாவை போர்னியோ தீவின் கலிமந்தான் பகுதி தயாக் விவசாயிகள் தலைமுறைகளாகப் பயிரிடுகிறார்கள். மலைநெல் விதைக்கும் நிலத்திலேயே பிரம்பு விதையையும் ஊன்றுவார்கள். நெல் முடிந்து நிலத்தைத் தரிசாக விட்டதும் காடு எழும்பும். கூடவே பிரம்பும் ஏறும். பாய், முதுகுக்கூடை, மீன்பொறி, வீட்டுக்கட்டு எல்லாம் அதில்தான். அவர்களுக்கே முதல் அறுவடைக்கு 7 முதல் 10 ஆண்டுகள் ஆகின்றன. 2012-ல் இந்தோனேசிய அரசு பதப்படுத்தாத பிரம்பு ஏற்றுமதிக்குத் தடை போட்டதும் விலை சரிந்தது. பலர் பிரம்பை அழித்து ரப்பரும் எண்ணெய்ப்பனையும் வைத்தார்கள். உங்களுக்குச் சொல்லப்படும் யோசனை அதற்கு நேர் எதிர்!

ரப்பர் வரிசைக்குள் வைக்கவே வேண்டாம். பால்வெட்டப் போகிறவர் முள்ளில் மாட்டிக்கொள்வார், அறுவடையில் பிரம்பை இழுக்கும்போது ரப்பர் கிளையும் முறியும். ஓடைக்கரையில் பலா, காட்டுமரங்கள் இருந்தால் அவற்றின் அடியில் பத்துப் பதினைந்து கன்று வையுங்கள். விதை கிடைத்தால் சதையை நீக்கி, காயவிடாமல் உடனே விதைக்க வேண்டும். காய்ந்தால் முளைக்காது.

காட்டுப் பிரம்பை அனுமதியின்றி வெட்டுவது குற்றம். 2006 வன உரிமைச் சட்டப்படி சிறு வன மகசூலாக அதை எடுக்கும் உரிமை பழங்குடியினருக்கும் காட்டைச் சார்ந்து வாழ்வோருக்கும்தான். பட்டா நிலத்துப் பிரம்பை வண்டியேற்ற என்ன அனுமதி வேண்டும் என்று வனச்சரக அலுவலகத்தில் நடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். சீர்காழி பக்கம் தைக்காலில் பிரம்பு முடைபவர்கள் இருக்கிறார்கள். ஒருநாள் போய், எந்தத் தடிமன், என்ன விலை என்று விசாரியுங்கள். அதன்பிறகு கன்றுக்காரரிடம் பேசலாம்.