ஒயில் ஊற்றினால் மட்டும் பிரேக் சரியாகாது



நம்ம ஊரில் பழைய கெப் வண்டிகளில் மரக்கறியும் போகிறது, பிள்ளைகளும் போகிறார்கள். பிரேக் பெடல் தாழ்ந்தால் ஒயில் ஊற்றிவிட்டு ஓட்டுகிறோம். மறுவாரமும் அதே கதை.

பிரேக் ஒயில் தானாக வற்றாது. லைனர் தேயத் தேயக் கொஞ்சம் இறங்கும். அடிக்கடி இறங்கினால் எங்கோ கசிகிறது. பின் டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டரைப் பார்க்கச் சொல்வோம். கசிவே இல்லாமல், மிதித்துப் பிடிக்கும்போது பெடல் மெல்ல இறங்கினால் மாஸ்டர் பம்பின் உள் ரப்பர் பழுதாகியிருக்கலாம். பெடல் பஞ்சுபோல் இருந்தால் உள்ளே காற்று இருக்கலாம்.

காரணம் தெரியாமல் அந்த வண்டியில் யாரையும் ஏற்றக் கூடாது என்பதே எங்கள் கருத்து. ஏறுகிறவர்களின் உயிர் நம் கையிலுள்ள அமானிதம்.