மூணு வார்த்தைக்கு வாடகை

நீளமான இழை இது. மென்பொருள் பேட்டன்ட், ஓப்பன் லைசென்ஸ், மெஷினுக்குப் போடற டிஜிட்டல் பூட்டு பத்தினது. "கம்ப்யூட்டர்காரங்க சண்டையில டாக்டருக்கு என்ன வேலை?"ன்னு போன தடவை ஒருத்தர் கேட்டார். அவருக்குத்தான் முதல்ல.

ஓபியில ஒரு அம்மா. எழுபது வயசு இருக்கும். மகன் கூட்டிட்டு வந்திருந்தார். "அடுப்பை அணைக்க மறந்துடறாங்க சார். முந்தாநாள் நம்ம தெருவுலயே வழி தெரியாம நின்னுட்டாங்க." நான் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். இன்னிக்கு என்ன கிழமை? இது எந்த ஊரு? நான் மூணு வார்த்தை சொல்றேன்மா, திருப்பிச் சொல்லுங்க, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கேப்பேன்: மாங்கா, மேசை, காசு. அந்தம்மா சிரிச்சாங்க. "சின்னப் புள்ளைக்குச் சொல்லிக் குடுக்கறாப்ல இருக்கே டாக்டரே." அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டப்போ 'காசு' மட்டும்தான் ஞாபகம் இருந்துச்சு.

இந்த மாதிரி கேள்விகளைக் கோத்து 30 மார்க்குக்கு ஒரு தாளா ஆக்கினது ஃபோல்ஸ்டீன் தம்பதியும் மெக்ஹியூவும். 1975-ல ஒரு மருத்துவ இதழ்ல வந்துச்சு. எம்எம்எஸ்இன்னு சொல்லுவோம். உலகம் பூரா மெடிக்கல் காலேஜ்ல சொல்லிக்கொடுத்தாங்க, ஜெராக்ஸ் எடுத்தாங்க, புத்தகத்துல போட்டாங்க. கால் நூற்றாண்டு யாரும் எதுவும் கேக்கல. அப்புறம் 2001-ல அதோட உரிமை ஒரு அமெரிக்கக் கம்பெனி கைக்குப் போச்சு. ஒரு தடவை பயன்படுத்த 1.23 டாலர்னு விலை வந்துச்சு. எல்லாரும் பழகி, அது இல்லாம வேலை ஓடாதுங்கற நிலைமை வந்தப்புறம் வந்த பில் அது. அதைத்தான் கவனிக்கணும்.

சரி, வேற தாள் தயார் பண்ணிக்கலாம்னு ஹார்வர்டு பக்கம் இருந்த சில டாக்டர்கள் 'ஸ்வீட் 16'னு ஒண்ணு செஞ்சு இணையத்துல இலவசமா வெச்சாங்க. பழைய தாள் மாதிரியே மூணு வார்த்தை ஞாபகம், இடம், தேதி எல்லாம் அதுலயும் இருந்துச்சு. காப்பிரைட் பிரச்னை கிளம்பி அது இணையத்துல இருந்தே காணாமப் போச்சு. யோசிச்சுப் பாருங்க. ஞாபக மறதியை வேற எப்படிச் சோதிக்கறது? நாலு வார்த்தை சொன்னா கேஸ் வராதா?

2011 டிசம்பர்ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல நியூமன், ஃபெல்ட்மேன்னு ரெண்டு பேர் இதைப் பத்தி எழுதினாங்க. அவங்க சொன்ன மருந்து மருத்துவத்துல இருந்து வரல, மென்பொருள் உலகத்துல இருந்து வந்துச்சு: காப்பிலெஃப்ட். அதாவது, எடுத்துக்கோ, மாத்திக்கோ, ஆனா மாத்தினதை அடுத்தவனுக்குக் குடுக்கும்போது இதே சுதந்திரத்தோட குடு. லினக்ஸ் இந்த ஏற்பாட்டுலதான் வளந்துச்சு. நோயாளிகிட்ட கேக்கற கேள்வித்தாளுக்கும் முதல் நாளே இப்படி ஒரு லைசென்ஸ் போட்டு வெச்சிருந்தா, முப்பது வருஷம் கழிச்சு யாரும் வந்து கதவை மூட முடியாதுன்னு சொன்னாங்க. என்னைக் கேட்டா அது படிச்சிட்டு மூடி வெக்கற கட்டுரை இல்ல, ஹவுஸ் சர்ஜன்களுக்கு முதல் வாரமே கையில குடுக்க வேண்டியது.

(பாரதி பாட்டுக்கே ஒரு காலத்துல உரிமை தனியார் கையில இருந்துச்சு. 1949-ல அரசாங்கம் வாங்கி நாட்டுடைமை ஆக்குச்சு. நமக்கு இது புது யோசனை இல்ல.)

இதுவரைக்கும் சொன்னது காப்பிரைட். எழுதின தாளுக்கு, எழுதின நிரலுக்கு வர்ற உரிமை. பேட்டன்ட் வேற. நம்ம பத்திரிகைகள்ல சில சமயம் ரெண்டையும் 'காப்புரிமை'ன்னே எழுதிடறாங்க, அதுல பாதிக் குழப்பம் வருது. காப்பிரைட் இருந்தா என் நிரலை நீங்க காப்பி அடிக்கக் கூடாது, அவ்வளவுதான். அதே வேலையை உங்க சொந்த மூளையில யோசிச்சு, சொந்தமா எழுதிக்கலாம். பேட்டன்ட் இருந்தா அதுவும் கூடாது. என் நிரலை நீங்க கண்ணால பாத்திருக்கவே வேணாம், அந்த வழியில போனாலே குத்தம். மருந்து மூலக்கூறுக்கோ, ஸ்டென்டுக்கோ ஒரு காலக்கெடு வெச்சு அந்த உரிமையைக் குடுக்கறதை நான் எதிர்க்கல. கணக்குப் போடற வழிக்குக் குடுக்கறதைத்தான் எதிர்க்கறேன்.

மிகைப்படுத்தலை. ஒரு கேஸ் சொல்றேன். அசதயோப்ரின்னு ஒரு மாத்திரை. குடல் புண்ணா இருக்கற க்ரோன்ஸ் மாதிரி நோய்க்குக் குடுப்போம். டோஸ் கூடினா ரத்த அணு குறைஞ்சு ஆபத்து, குறைஞ்சா நோய் அடங்காது. உடம்புல அந்த மாத்திரை உடைஞ்சு உண்டாகற ஒரு பொருளோட அளவை ரத்தத்துல பாத்து டோஸை ஏத்தி இறக்கலாம். ப்ரொமீதியஸ்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி இதுக்கு பேட்டன்ட் வெச்சிருந்துச்சு. மாத்திரைக்கு இல்ல, ரத்தம் பாக்கற மெஷினுக்கும் இல்ல. மருந்து குடு, அளவைப் பாரு. 230-க்குக் கீழ இருந்தா டோஸ் ஏத்தணும், 400-க்கு மேல போனா குறைக்கணும்னு புரிஞ்சுக்கோ. இந்த வழிமுறைக்குத்தான் பேட்டன்ட். மேயோ கிளினிக் தன்னோட சொந்த டெஸ்ட்டைக் கொண்டு வரப் போறோம்னு 2004-ல அறிவிச்சதும் கேஸ் போட்டாங்க. எட்டு வருஷம் ஓடுச்சு. 2012 மார்ச்ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரல்ல அந்த பேட்டன்ட் செல்லாதுன்னு சொன்னாங்க.

எட்டு வருஷம்! ரிப்போர்ட்டைப் பாத்து டாக்டர் மனசுக்குள்ள "டோஸைக் குறைக்கணும்"னு நினைச்சாலே மீறல் ஆயிடுமாங்கறதுதான் விவாதம். மேயோகிட்ட வக்கீல் வெக்கக் காசு இருந்துச்சு. ஒரு தாலுகா ஆஸ்பத்திரிகிட்ட இருக்குமா?

இப்ப நம்ம ஊர் சட்டத்துக்கு வருவோம். இந்திய பேட்டன்ட் சட்டம், 1970. அதுல பிரிவு 3, எதெல்லாம் 'கண்டுபிடிப்பு' ஆகாதுன்னு ஒரு பட்டியல். அதுல 3(டி)யை நீங்க பேர் தெரியாமலேயே கேள்விப்பட்டிருப்பீங்க. பழைய மருந்தையே கொஞ்சம் உருவம் மாத்தி, நல்லா வேலை செய்யுதுன்னு நிரூபிக்காம, புது பேட்டன்ட் கேக்கக் கூடாதுன்னு சொல்ற பிரிவு. 2013 ஏப்ரல் 1-ம் தேதி நோவார்ட்டிஸோட க்ளிவெக் மாத்திரை கேஸ்ல உச்ச நீதிமன்றம் இதை வெச்சுத்தான் பேட்டன்ட் இல்லைன்னு சொல்லுச்சு. ரத்தப் புற்றுநோய் மாத்திரை. மாசம் லட்சத்துக்கு மேல ஆன இடத்துல, இந்தியக் கம்பெனி மாத்திரை பத்தாயிரத்துக்கும் கீழ கிடைச்சுது. இன்னிக்கு அரசு ஆஸ்பத்திரியில அந்த மாத்திரையை வாங்கிட்டுப் போறவங்களை நான் பாக்கறேன், அதனால அந்தப் பிரிவு மேல எனக்குத் தனி மரியாதை.

அதே பட்டியல்ல இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. 3(ஐ): மனுஷனுக்கு வைத்தியம் பாக்கற, நோயைக் கண்டுபிடிக்கற முறைக்கு பேட்டன்ட் கிடையாது. 3(கே): கணித முறை, வியாபார முறை, அல்காரிதம், கம்ப்யூட்டர் புரோகிராம் 'பெர் சே', இதுக்கெல்லாம் கிடையாது. மூணும் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்கன்னு வெச்சுக்கங்க. மூத்தவனுக்காக ஊரே நின்னுச்சு. கடைசிப் பையன் பேரே பல பேருக்குத் தெரியாது.

சண்டை முழுக்க அந்த 'பெர் சே'ங்கற ரெண்டு லத்தீன் சொல்லுல இருக்கு. வெறும் புரோகிராமுக்குத்தானே கிடையாது, 'தொழில்நுட்ப விளைவு' இருந்தா குடுக்கலாமேன்னு நுழையறாங்க. 2004 டிசம்பர்ல ஒரு அவசரச் சட்டத்துல இந்தக் கதவைத் திறந்து வெச்சாங்க. 2005-ல நாடாளுமன்றம் அதை ஏத்துக்காம பழைய வாசகத்தையே வெச்சுது. அதே 2005 ஜூலையில ஐரோப்பிய நாடாளுமன்றமும் மென்பொருள் பேட்டன்ட் சட்ட முன்வடிவை 648-க்கு 14னு தூக்கிப் போட்டுச்சு. அத்தோட முடிஞ்சுதா? 2015 ஆகஸ்ட்ல பேட்டன்ட் அலுவலகம் ஒரு வழிகாட்டுதல் மூலமா மறுபடி திறந்தாங்க. எதிர்ப்பு வந்து டிசம்பர்ல நிறுத்தி வெச்சாங்க. 2016 பிப்ரவரியில கடுமையான ஒண்ணு வந்துச்சு, புதுமை வன்பொருள்லயும் இருக்கணும்னு. 2017-ல அந்த நிபந்தனையை எடுத்துட்டாங்க. 2019-ல டெல்லி உயர் நீதிமன்றமும் தொழில்நுட்ப விளைவு இருந்தா பரிசீலிக்கணும்னு சொல்லிடுச்சு. நாடாளுமன்றம் மூடின கதவை வழிகாட்டுதல்ங்கற பேர்ல ஜன்னலா வெட்டறாங்க. இதைச் சொன்னா "வளர்ச்சிக்கு எதிரி"ங்கறாங்க.

டாக்டரா எனக்கு பயம் எங்கன்னா, 3(ஐ) வழியா வைத்திய முறைக்கு பேட்டன்ட் கேட்டா கிடைக்காது. அதையே ஒரு மெஷின் மேல ஏத்தி, 'எக்ஸ்ரேயைப் பாத்து காசநோயைக் கண்டுபிடிக்கும் கணினி அமைப்பு'ன்னு விண்ணப்பிச்சா? நான் கண்ணால பாத்துச் செய்யற அதே படிகள். சட்டை மட்டும் புதுசு. 3(கே) தளர்ந்தா 3(ஐ)யும் சேந்து ஓட்டை ஆயிடும்.

"கஷ்டப்பட்டு எழுதினவன் சாப்பிட வேணாமா?" இது நியாயமான கேள்வி. வேணும். நிரலுக்குக் காப்பிரைட் எழுதின நிமிஷமே வந்துடுது, விண்ணப்பமே வேணாம். சர்வீஸ் ஒப்பந்தம் இருக்கு, பேர் இருக்கு. இந்தியாவோட மென்பொருள் தொழில் 3(கே) இருக்கும்போதேதான் இவ்வளவு வளந்துச்சு. அப்புறம் 1923-ல பேன்டிங், பெஸ்ட், கோலிப் மூணு பேரும் இன்சுலின் பேட்டன்ட்டை டொரோன்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் குடுத்தாங்க. பட்டினி கிடந்து சாகல.

மூணாவது ஒரு வகை இருக்கு. காப்பிரைட்டும் இல்ல, பேட்டன்ட்டும் இல்ல. வெறும் பூட்டு. என்னைக் கோவப்பட வெச்சதே இதுதான்.

சில வருஷம் முன்னாடி, நான் வேலை பாத்த ஒரு ஆஸ்பத்திரி. ராத்திரி. கட்டுவிரியன் கடிச்ச ஒரு பையன், இமை தூக்க முடியல, மூச்சு தளருது. ஐசியூல ஒரே மாடல்ல ரெண்டு வென்டிலேட்டர் ரிப்பேர். ஒண்ணுல திரை போச்சு, இன்னொண்ணுல உள்ள வால்வு போச்சு. ரெண்டையும் சேத்து ஒண்ணு பண்ணிடலாம்னு எங்க பயோமெடிக்கல் இன்ஜினியர் சாயங்காலமே மாத்தி வெச்சிருந்தார். ஓட மாட்டேங்குது. "பார்ட்டெல்லாம் சரிதான் சார். சர்வீஸ் கோடு கேக்குது. கம்பெனி ஆளு வந்துதான் போடணும்." கம்பெனி ஆளு வந்தது நாலாம் நாள். அந்த ராத்திரி நாங்க ஆம்பு பேக்கைக் கையால அமுக்கிட்டே ஆம்புலன்ஸ்ல வேற ஊருக்குக் கொண்டு போனோம். ஒரு சி.ஆர்.ஆர்.ஐ. பையனும், நானும், பேஷன்ட்டோட அண்ணனும் மாறி மாறி. பொழைச்சுட்டான். அதனால இது செய்தி ஆகல.

இது எங்க ஊர்க் கதை மட்டும் இல்ல. 2020-ல கொரோனா உச்சத்துல இருந்தப்போ, அமெரிக்காவுலயே ரெண்டு பழுது வென்டிலேட்டரை ஒண்ணாக்க போலந்துல ஒருத்தர் வீட்டுல செஞ்ச டாங்கிளை வாங்கித்தான் மெக்கானிக்குகள் பூட்டைத் திறந்தாங்க. அதே வருஷம் மெட்ட்ரானிக் கம்பெனி தன்னோட பிபி 560 வென்டிலேட்டரோட வரைபடங்களை இணையத்துல வெளியிட்டுச்சு, பெருந்தொற்றை ஒட்டின காலத்துக்குன்னு ஒரு லைசென்ஸோட. மனசு வெச்சா திறக்க முடியும்ங்கறதுக்கு அதுவே சாட்சி. 2021-ல அமெரிக்காவே மருத்துவக் கருவி ரிப்பேருக்காக டிஜிட்டல் பூட்டை உடைக்கச் சட்டத்துல விலக்கு குடுத்துச்சு.

பூட்டு போட்ட கம்பெனியே இல்லாமப் போனா? ஆர்கஸ் 2னு ஒரு கருவி. பார்வை போனவங்க கண்ணுக்குள்ள வெச்சு ஓரளவு வெளிச்சம், உருவம் தெரிய வைக்கும். உலகத்துல 350 பேருக்கு மேல வெச்சுக்கிட்டாங்க. செகண்ட் சைட்டுங்கற அந்தக் கம்பெனி 2020-ல திவால் விளிம்புக்குப் போச்சு. கண்ணுக்குள்ள கருவி இருக்கு, சரி பண்ண ஆள் இல்ல. அந்த நோயாளிங்க அதுல கடன் வாங்கல, தவறு செய்யல. கண்ணை நம்பிக் குடுத்தாங்க.

நம்ம காப்பிரைட் சட்டம் இந்த விஷயத்துல அவ்வளவு மோசம் இல்ல. பூட்டை உடைக்கறதைக் குத்தமாக்கற 65ஏ பிரிவு, உரிமை மீறற நோக்கம் இருந்தாத்தான் பாயும். பிரிவு 52-ல ஒரு புரோகிராம் எப்படி வேலை செய்யுதுன்னு ஆராய்ஞ்சு பாக்கவும் இடம் இருக்கு. சிக்கல் சட்டத்துல இல்ல, டெண்டர்ல இருக்கு. கோடிக்கணக்குல மெஷின் வாங்கறோம், சாவியைக் கேட்டு வாங்கறதில்ல. சர்வீஸ் மேனுவல், சர்வீஸ் கோடு, நோயாளி தகவலை வேற மெஷினுக்கு மாத்திக்கற வசதி, கம்பெனி மூடினா நிரலை ஒப்படைக்கணும்ங்கற ஒரு வரி. இதை எழுதிக் கேட்டா குடுக்காத கம்பெனி எவ்வளவு பெரிய கம்பெனியா இருந்தாலும் நமக்கு வேணாம். மத்திய அரசு 2015-லயே ஓப்பன் சோர்ஸ் கொள்கை அறிவிச்சிருக்கு, புதுசா யாரும் கண்டுபிடிக்க வேணாம்.

படிக்கற நீங்க இன்ஜினியரா இருந்தா, பேட்டன்ட் அலுவலகம் அடுத்த தடவை வழிகாட்டுதல் மேல கருத்து கேக்கும்போது நாலு வரி எழுதி அனுப்புங்க. கம்பெனி வக்கீல்கள் மறக்காம அனுப்பறாங்க. டாக்டரா இருந்தா, நீங்க தயார் பண்ற ஸ்கோர் ஷீட், டோஸ் அட்டவணை எதுவா இருந்தாலும் அடியில ஒரு லைசென்ஸ் வரி போடுங்க. சும்மா வாட்ஸ்அப்ல அனுப்பி விட்டா அது 'இலவசம்' ஆயிடாது. எம்எம்எஸ்இ அப்படித்தான் ஊர் சுத்துச்சு.

நர்ஸ் அக்காங்களுக்காகத் தமிழ்ல ஒரு பக்க சார்ட் பண்ணியிருக்கேன்: பாம்புக் கடி கேஸ் வந்தா எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை இமை, கழுத்து, மூச்சு, ரத்தம் உறையற டெஸ்ட் பாக்கணும்னு. கிரியேட்டிவ் காமன்ஸ், ஷேர் அலைக். முதல் கமெண்ட்ல இருக்கு. மூணாவது கட்டம் இன்னும் எளிமையா இருக்கலாம்னு எங்க வார்டு சிஸ்டர் சொன்னாங்க, எனக்குச் சரியா வரல. வந்தா திருத்தி, திருத்தினதையும் போடுங்க.